மார்க் போட்ட பிறகுதான் சாப்பாடா?

கேள்வி: என் மகள் நீட் தேர்வுக்கு இரண்டாவது முறையாகத் தயாராகிறாள். போன வருடம் 410 மதிப்பெண். இந்த வருடம் நகைக்கடன் வாங்கி கோச்சிங்கில் சேர்த்திருக்கிறேன். படிப்பில் கெட்டிக்காரி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் என்றால் காலையிலேயே வாந்தி எடுக்கிறாள், கை நடுங்குகிறது. டென்ஷனைப் பற்றி நாம் நினைக்கும் விதத்தை மாற்றினால் அதுவே பலமாகிவிடும் என்று ஒரு வீடியோ பார்த்தேன். டென்ஷன் உடம்புக்குக் கெடுதல் என்று நம்புகிறவர்கள்தான் சீக்கிரம் இறந்துபோகிறார்கள் என்று அமெரிக்காவில் கண்டுபிடித்திருக்கிறார்களாம். அதையும் அவளிடம் எடுத்துச் சொன்னேன். டெஸ்டுக்குக் கிளம்பும்போது பூஜை அறையில் நிற்க வைத்து, ‘எனக்கு டென்ஷன் இல்லை, உற்சாகம்தான்’ என்று மூன்று தடவை சொல்ல வைக்கிறேன். வீட்டில் ஒரு ஒழுங்கும் உண்டு. டெஸ்ட் முடிந்து வந்ததும் ஆன்சர் கீயை வைத்துச் சரிபார்த்து மார்க் போட்ட பிறகுதான் சாப்பாடு. என் மனைவி தோசை சுட்டு வைத்துக்கொண்டு காத்திருப்பாள். இவ்வளவு செய்தும் பலன் இல்லை. மகளின் எண்ணத்தை மாற்ற இன்னும் என்ன செய்யலாம்?
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கரூர்

பதில்: தம்பி, உங்கள் மகளின் எண்ணத்தை மாற்றுவது அப்புறம். முதலில் அந்தத் தோசைக்கு வருவோம்.

டெஸ்ட் நாளில் காலையிலேயே வாந்தி என்கிறீர்கள். அப்படியென்றால் காலைச் சாப்பாடு வயிற்றில் தங்கியிருக்காது. நீட் தேர்வு மதியம் 2 மணிக்கு என்பதால் மாதிரி டெஸ்டையும் அதே நேரத்தில்தான் வைப்பார்கள். ஆக, மதியமும் அவள் பேருக்குக் கொறித்துவிட்டுத்தான் போயிருப்பாள். 5 மணிக்கு முடித்து, பஸ் பிடித்து, வீடு வந்து சேர 6 ஆகிவிடும். அங்கே நீங்கள் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். உயிரியலில் 90, இயற்பியலில் 45, வேதியியலில் 45. மொத்தம் 180 கேள்விகள். சரியென்றால் நான்கு கூட்ட வேண்டும், தப்பென்றால் ஒன்று கழிக்க வேண்டும். எவ்வளவு வேகமாகத் திருத்தினாலும் அரை மணி நேரம் ஆகும். நடுவில் ‘இதுகூடவா தெரியவில்லை?’ என்று நிறுத்தாத அப்பாவை நான் பார்த்ததில்லை. அதையும் சேர்த்தால் ஒரு மணி நேரம். அவ்வளவு நேரமும் அந்தப் பெண் காலி வயிற்றோடு உங்கள் புருவத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அடுப்படியில் தோசை ஆறிக்கொண்டிருக்கிறது.

இதை நீங்கள் ஒரு குறையாக எழுதவில்லை, பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். மார்ச், ஏப்ரல் வந்தால் இப்படிப்பட்ட கடிதங்கள் கட்டுக்கட்டாக வரும். பிள்ளையின் பயத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கும். அந்தப் பயம் எந்த வழியாக வீட்டுக்குள் வந்தது என்பது மட்டும் போகிற போக்கில் ஒரு வரியாக விழுந்து கிடக்கும். உங்கள் கடிதத்தில் அது இந்த வரி.

வீடியோ ஒரேயடியாகப் பொய் சொல்லவில்லை. 2010-ல் ஜெரமி ஜேமிசன் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் மேற்படிப்பில் சேர எழுதுகிற ஜிஆர்இ நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த மாணவர்களை ஒரு மாதிரித் தேர்வு எழுதவைத்தார்கள். அதற்குமுன் பாதிப் பேரிடம் மட்டும், ‘தேர்வில் படபடப்பு வந்தால் பயப்பட வேண்டாம், அது கெடுதல் செய்யாது, உதவவும் கூடும்’ என்று சொன்னார்கள். கணக்குப் பகுதியில் அவர்கள் மற்றவர்களைவிட அதிகம் எடுத்தார்கள். பிறகு எழுதிய நிஜத் தேர்விலும் அது தெரிந்தது. உடம்பையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். பயந்தாலும் நெஞ்சு வேகமாக அடிக்கும், துணிந்து இறங்கினாலும் வேகமாக அடிக்கும். பயத்தில் ரத்தக் குழாய்கள் சுருங்கும்; துணிந்து இறங்கும்போது அவ்வளவு சுருங்காது, இதயம் அதிக ரத்தத்தை அனுப்பும். படபடப்பைத் துணை என்று எடுத்துக்கொண்டவர்களின் உடம்பு இரண்டாவது வகைப் பக்கம் சாய்ந்ததாக 2012-ல் அதே ஜேமிசன் குழு எழுதியது.

சரி, இதெல்லாம் உங்களுக்குச் சாதகமாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். அந்த மாணவர்களிடம் சொன்னது யார் என்று யோசித்தீர்களா? அவர்களுடைய மதிப்பெண்ணால் ஒரு பைசா லாபமோ நஷ்டமோ இல்லாத ஆய்வாளர். ஒரு தடவை சொன்னார், பேசாமல் நகர்ந்துவிட்டார். மார்க் வரும்வரை யார் சாப்பாட்டையும் நிறுத்தி வைக்கவில்லை.

அப்புறம் அந்தப் பூஜை அறை வாசகம். 2014-ல் ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலைச் சேர்ந்த அலிசன் வுட் புரூக்ஸ் இதையே சோதித்திருக்கிறார். மேடைப் பேச்சுக்கு முன்னால் ‘நான் உற்சாகமாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்கள், ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். படபடப்பை ஒளித்துவைக்காமல், அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டு வேறு பக்கம் திருப்பிக்கொண்டவர்களுக்குத்தான் பலன் கிடைத்தது. நீங்கள் என்ன செய்கிறீர்கள்? வாந்தி எடுத்து வாய் கொப்பளித்துவிட்டு வந்த பெண்ணை சாமி முன்னால் நிறுத்தி ‘எனக்கு டென்ஷன் இல்லை’ என்று சொல்ல வைக்கிறீர்கள். சாமி முன்னால் பொய். அது பொய் என்று அவளுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

இதைவிட என்னைக் கோபப்படுத்தியது அந்தச் சாவுச் செய்தி. 1998-ல் அமெரிக்காவில் எடுத்த உடல்நலக் கணக்கெடுப்பில் இருந்த 28,000-க்கும் மேற்பட்டவர்களை 2006 வரையிலான இறப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டு, 2012-ல் ஒரு கட்டுரை வந்தது. ‘எனக்கு மனஅழுத்தம் மிக அதிகம்’, ‘அது என் உடம்பை ரொம்பவே பாதிக்கிறது’ என்ற இரண்டையும் சேர்த்துச் சொன்னவர்களுக்கு அகால மரண வாய்ப்பு 43 சதவீதம் கூடுதலாக இருந்தது. நம்பிக்கைதான் கொன்றது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஏற்கெனவே உடம்பு கெட்டுப்போனவர்கள்தானே ‘என் உடம்பைப் பாதிக்கிறது’ என்று சொல்லியிருப்பார்கள்? அதையெல்லாம் விட்டுவிட்டு, பரீட்சைக்குப் பயப்படுகிற 18, 19 வயதுப் பெண்ணிடம் ‘பயந்தால் செத்துப்போவாய்’ என்கிற மாதிரி சொல்லியிருக்கிறீர்கள். அவளுக்கு இருந்தது ஒரு பயம். இப்போது அந்தப் பயத்தைப் பற்றியே இன்னொரு பயம்.

ரிச்சர்ட் லாசரஸ் என்ற உளவியலாளர் ஒன்று சொன்னார். நெருக்கடி வரும்போது மனசு இரண்டு கேள்வி கேட்டுக்கொள்கிறதாம். இதில் எனக்கு என்ன போகப்போகிறது? இதைச் சமாளிக்க என்னிடம் என்ன இருக்கிறது? இந்த இரண்டுக்கும் கிடைக்கிற பதிலைப் பொறுத்துத்தான் அது மிரட்டலா, சவாலா என்பது முடிவாகும். உங்கள் மகளுக்கு முதல் கேள்விக்கான பதிலை வாரா வாரம் நீங்களே கொடுக்கிறீர்கள். மார்க் போனால் சாப்பாடு தள்ளிப்போகும், அப்பா முகம் மாறும், அம்மா நகை மூழ்கும். இப்படி இருக்கும்போது எந்த வாசகத்தைச் சொல்லி எண்ணத்தை மாற்றுவது?

நான் பழைய காலத்து மனுஷி. கடன் வாங்கிப் படிக்கவைக்கிற அப்பாவுக்குப் பிள்ளை நன்றாகப் படித்துக் காட்ட வேண்டும் என்று நினைக்கிறவள். ‘மார்க் ஒரு விஷயமே இல்லை, அவள் இஷ்டத்துக்கு விடுங்கள்’ என்று என் வாயால் வராது. ஆனால் சோறு அந்தக் கணக்கில் சேராது. எங்கள் வீட்டில் பெயிலாகி வந்தவனுக்கும், வேலையை விட்டுவிட்டு வந்தவனுக்கும், கோபித்துக்கொண்டு போய்த் திரும்பி வந்தவனுக்கும் முதலில் தட்டு வைப்பார்கள். திட்டுவதெல்லாம் கை கழுவிய பிறகுதான். நன்றாகவே திட்டுவார்கள், அது வேறு விஷயம்.

உங்கள் மனைவி பேரிலும் எனக்கு வருத்தம். அடகு வைத்த நகை யாருடையது என்று நீங்கள் எழுதவில்லை. அது அந்த அம்மாவுடையதாகத்தான் இருக்கும். கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தவளுக்குத் தன் பிள்ளைக்கு எப்போது தட்டு வைப்பது என்று சொல்ல உரிமை இல்லையா? அம்மா, இந்தப் பக்கத்தை நீங்களும் படிப்பீர்கள் என்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமை யாரையும் கேட்காமல் தோசையை ஊற்றி வையுங்கள்.

தம்பி, நீங்கள் அன்று ஆன்சர் கீயைத் தொட வேண்டாம். திங்கள்கிழமை அவளே திருத்திக்கொள்ளட்டும். எத்தனை வந்தது என்று அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். பூஜை அறையில் அவள் சாமி கும்பிட்டால் போதும். ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்று உங்கள் வாய் துடித்தால், ‘கை நடுங்கினால் நடுங்கட்டும், நடுங்கிக்கொண்டே எழுது’ என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். அவ்வளவுதான்.

சமாளிக்க என்னிடம் என்ன இருக்கிறது என்ற அந்த இரண்டாவது கேள்விக்கும் ஒரு உண்மையான பதிலைத் தேடிக் கொடுங்கள். இந்த முறையும் இடம் கிடைக்காவிட்டால் என்ன என்று மூன்று பேரும் உட்கார்ந்து இப்போதே பேசுங்கள். தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டுக் கால்நடை மருத்துவ இடங்களுக்கு ப்ளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை. விண்ணப்பித்து வைத்தால் எதுவும் குறைந்துவிடாது. கடன் எவ்வளவு, அதை எப்படி அடைப்போம் என்பதையும் அவள் முன்னால் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். அதை அடைப்பது உங்கள் வேலை, அவள் வேலை இல்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். கையில் இன்னொரு வழி இருக்கிறது என்று தெரிந்த பிள்ளைக்குத்தான் படபடப்பு துணைக்கு வரும்.

கடைசியில் எழுதுகிறேன் என்பதற்காக அந்த வாந்தியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டெஸ்ட் தோறும் வாந்தியும் நடுக்கமும் வருவது வீடியோ பார்த்துத் தீர்கிற சமாச்சாரம் இல்லை. இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். இரத்தசோகை இருக்கிறதா, வயிற்றில் புண் இருக்கிறதா என்று அவர் பார்க்கட்டும். தேவையென்றால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார், தயங்காமல் போங்கள். தூக்கம் போய்விட்டது, ‘நான் இருந்து என்ன ஆகப்போகிறது’ என்கிற மாதிரி பேசுகிறாள் என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. டாக்டர் அறைக்குள் அவளோடு அவள் அம்மா போகட்டும். நீங்கள் வெளியே உட்காருங்கள்.