அலையைப் போட்டால் அம்பியன்ட் ஆகிவிடுமா?

கேள்வி: அம்பியன்ட் என்னும் சூழல் இசைக்குப் பேர்போன ஆங்கிலேய இசைக்கலைஞர் பிரையன் ஈனோ கவிஞரோடு சேர்ந்து இசைத் தொகுப்பே போடுகிறார். நாங்களும் அலையோசையைப் பதிவு செய்து, அதன்மேல் நண்பரின் கவிதையை வாசித்து, சிந்தசைசர் சேர்த்து உங்களுக்கு அனுப்பியிருந்தோம். ஊரில் கேட்ட ஒருவரும் அசையவில்லை. சோதனை முயற்சி என்றாலே தமிழர்களுக்கு ஒவ்வாதா?
– ஒரு வாசகர், மண்டபம்

பதில்: தமிழர்களை விடுங்கள். பதிவைக் கேட்டேன், நானும் அசையவில்லை. கவிதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நண்பர் அதைக் கவியரங்கக் குரலில், வரிக்கு வரி இரண்டு தடவை சொல்லி, கைதட்டலுக்கு இடம்விட்டு வாசிக்கிறார். அலை அதன் பாட்டுக்கு ஓடுகிறது.

ஈனோ 2011-இல் ரிக் ஹாலண்ட் என்ற கவிஞரோடு வெளியிட்ட 'டிரம்ஸ் பிட்வீன் த பெல்ஸ்' தொகுப்பைக் கேளுங்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களையும் அதில் வாசிக்க வைத்திருக்கிறார். பழகாத நாக்கு தயங்குகிற இடமும் அழுத்தம் மாறி விழுகிற இடமும் அங்கே குறை இல்லை, இசைக்கான சரக்கு. குரலையே வாத்தியமாக எடுத்துக்கொண்டு அதன்மேல் வேலை செய்கிறார். 1978-இல் விமான நிலையத்துக்கென்று செய்த தொகுப்பிலேயே வெவ்வேறு நீளமுள்ள டேப் வளையங்களில் (முனைகளை ஒட்டி, திரும்பத் திரும்ப ஓடவிடும் ஒலிநாடா) பாடும் குரல்களைச் சுழலவிட்டு, அவை தாமாகச் சேரவும் பிரியவும் விட்டவர் அவர்.

அப்புறம் அந்த அலை. எந்தக் கடல் அது? வடக்கே பாக் விரிகுடாவைப் பெண்கடல், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்று பிரித்துச் சொல்கிற பகுதி உங்களுடையது. வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளித்தால் தென்கடல் அடங்கிக் கிடக்கும். தென்மேற்குக் காற்று வந்தால் கதை தலைகீழ். உங்கள் பதிவில் இருப்பதை மெரினா என்று சொன்னாலும் நம்பிவிடுவேன்.

மீனவர்கள் கரையில் நின்று கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டை நீங்கள் யோசிக்காததுதான் எனக்கு வியப்பு. ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், கயிற்றைப் பிடித்திருப்பவர்கள் ஏலேலோ என்று பதில் கொடுத்து இழுப்பார்கள். வலையில் பாரம் ஏற ஏற அந்தப் பதில் சொல்லாக இல்லாமல் மூச்சாகிவிடும். இழுக்கிற கைதான் அங்கே தாளம்.

அம்பா பாடிப் பழகிய பெரியவர் ஒருவரிடம் நண்பரின் கவிதையைக் கொடுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் சொல்லிக் கொடுங்கள். அவர் எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறாரோ, அங்கே வரியை உடைக்க நண்பர் சம்மதிக்க வேண்டும் (கவிஞர்கள் லேசில் சம்மதிக்க மாட்டார்கள்). சரி, எல்லாம் முடிந்து வெளியிடும்போது, 'நாட்டுப்புறக் குரல்' என்று ஓரமாகப் போட்டுவிடாமல், அவர் பெயரைக் கவிஞர் பெயருக்குப் பக்கத்திலேயே போடுங்கள். வருமானம் வந்தால் அதிலும் பங்கு கொடுங்கள்.