ஏற்காட்டில் மூடிக்கிடந்த பழைய கணினியில் திரை வரவில்லை, என்ன செய்யலாம்?

மழைக்காலம் முழுவதும் ஏற்காட்டு வீட்டில் மூடிக்கிடந்த கணினியில் விசிறி சுழல்கிறது, திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது, உள்ளே அப்பாவின் புகைப்படங்கள் இருக்கின்றன என்கிறீர்கள். முதலில் ஓர் ஆறுதல்: திரையில் ஓர் எழுத்துகூட வராத கோளாறுக்கு, படங்களைச் சேமித்து வைக்கும் ஹார்ட் டிஸ்க் காரணமாக இருப்பது அரிது. அப்பாவின் புகைப்படங்கள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். "ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும்" என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்; அது டிஸ்க்கில் இருப்பதை அழிக்கும் வேலை.

என் சந்தேகம் ரேம் மீதுதான்; மதர்போர்டு எனும் முதன்மைப் பலகையில் செருகியிருக்கும் நீளமான நினைவகப் பட்டை அது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். அந்த ஈரத்தில் ரேமின் தொடுமுனைகளில் அழுக்குப் படலம் படியும். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். எஞ்சிய மின்சாரம் பெரும்பாலும் வடிந்துவிடும். பெட்டியின் இரும்புப் பகுதியைத் தொட்டபின் ரேமைக் கழற்றி, பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேயுங்கள். துகள்களைத் துடைத்து, கொக்கி 'டக்' என்று விழும்வரை அழுத்திப் பொருத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

அப்படியும் வரவில்லையா? மதர்போர்டில் நாணயம் போலிருக்கும் 3 வோல்ட் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். அதே பலகையில் கெப்பாசிட்டர் எனும் சிறு உருளை வடிவப் பாகங்களின் தலை உப்பியிருந்தால், சேலத்தில் பழுதுபார்ப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும். மின்கம்பி செருகப்படும் பவர் சப்ளை பெட்டியை நீங்கள் திறக்கவே கூடாது. இணைப்பைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

கொண்டுபோவதற்கு முன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, துணியில் சுற்றி, வீட்டிலேயே வைத்துவிடுங்கள். இந்தக் கோளாறைப் பார்க்க அது தேவையில்லை.