ஒரே வயலில் இரண்டு வெள்ளிக் காசு: விற்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தில், கென்ட்டில் வசிக்கிறேன். தெரிந்த விவசாயி ஒருவர் வாய்வார்த்தையாகச் சரி சொன்னதால், அவர் வயலில் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடுவேன். போன மாதம் மூன்றாம் ஹென்றி அரசர் காலத்து (13ஆம் நூற்றாண்டு) வெள்ளிப் பென்னி ஒன்று கிடைத்தது. இந்த ஞாயிறு, நாலடி தள்ளி அதே மாதிரி இன்னொன்றும், பாதியாக வெட்டிய துண்டு ஒன்றும் கிடைத்தன. ஒற்றைக் காசு புதையல் ஆகாது, தனித்தனியாக விற்றுவிடு என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: விற்காதீர்கள். நண்பர் சொன்னது உங்கள் முதல் காசுக்குப் பொருந்தியது, ஞாயிற்றுக்கிழமை வரை.

1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 300 ஆண்டுக்கு மேல் பழைய, பத்து சதவீதமாவது வெள்ளியோ தங்கமோ கலந்த காசுகள் ஒரே கண்டெடுப்பில் இரண்டு இருந்தாலே புதையல். ஒரே நாளில் கிடைக்க வேண்டும் என்றில்லை. ஒன்றாக வைக்கப்பட்டவை பின்னால் ஏர் உழுது சிதறியிருந்தாலும் ஒரே கண்டெடுப்புதான். நாலடி தூரத்தில் ஒரே அரசரின் காசுகள் என்றால், அப்படி நினைக்க நியாயமான காரணம் இருக்கிறது. அதனால் 14 நாளுக்குள் கொரோனருக்கு, அதாவது புதையலா இல்லையா என்று விசாரித்து முடிவு சொல்லும் அதிகாரிக்குத் தெரிவித்தாக வேண்டும். உங்கள் பகுதித் தொல்பொருள் தொடர்பு அதிகாரி மூலம் செய்வதே வழக்கம். மறைத்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

விற்றால் விஷயம் இன்னும் பெரிதாகும். 2015இல் லியோமின்ஸ்டர் அருகே ஆல்ஃபிரட் அரசர் காலத்துக் காசுகளை எடுத்து மறைத்து விற்ற இருவர், திருட்டுக் குற்றத்துக்காக 2019இல் பல ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார்கள். ஏறக்குறைய முந்நூறு காசுகள் இருந்திருக்கலாம். அந்த வழக்கின்போது மீட்கப்பட்டிருந்தவை முப்பது சொச்சம். வரலாற்றுக்கு அது பெரிய இழப்பு. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தப் பாதித் துண்டை உடைந்தது என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1279க்கு முன் அரைப் பென்னி வேண்டுமென்றால், பெரும்பாலும் பென்னியைப் பின்பக்கச் சிலுவைக் கோட்டோடு வெட்டித்தான் சில்லறை ஆக்கினார்கள். அதையும் சேர்த்தே கொடுங்கள்.

புதையல் என்று முடிவாகி அருங்காட்சியகம் வாங்கினால், வெகுமதி பொதுவாக உங்களுக்கும் நில உரிமையாளருக்கும் சரிபாதி. புதையல் இல்லை என்று முடிவானால்? மண்ணுக்குள் கிடைத்தது நிலத்துக்காரருக்கே என்று 1995இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஃபார்னம் பூங்கா வழக்கில் சொல்லிவிட்டது. வாய்வார்த்தை இங்கே போதாது. அப்புறம் பார்க்கலாம் என்று விடாமல், பங்கு எவ்வளவு என்று அவரோடு இந்த வாரமே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். காசுகளைக் கழுவாமல், தேய்க்காமல், கிடைத்த இடத்தைக் குறித்து அப்படியே எடுத்துப் போங்கள்.