டெஸ்ட் எரர் மெசேஜில் ஒரே ஃபைலுக்கு ரெண்டு பாதை வருது, அதைச் சரிபார்க்கிற அசர்ட் வரியை எடுத்துடலாமா?

எடுக்காதீங்க. லினக்ஸில் பாஸ் ஆகிற டெஸ்ட் மேக்கில் மட்டும் ஃபெயில் ஆகுது, பாதை முழுக்கப் புள்ளி புள்ளியா நீளுது, "அந்த வரியைத் தூக்கிடு, ரிலீஸ் நிக்குது"ன்னு டீம் லீட் சொல்றார். இதுதானே உங்க நிலைமை? பைத்தான்னு வச்சுக்கிட்டே சொல்றேன்.

மேக்கில் /டெம்ப், /வார் எல்லாம் /பிரைவேட்டுக்குள்ள இருக்கிற ஃபோல்டர்களுக்கான சிம்லிங்க், அதாவது நிஜ ஃபோல்டரைக் கைகாட்டுற இன்னொரு பெயர். தற்காலிக ஃபோல்டர் உருவாக்குற டெம்ப்ஃபைல் மாட்யூல் /வார்/ஃபோல்டர்ஸ்னு தொடங்குற பாதையைத் தரும். அதுக்குள்ள போய், இப்போ எந்த ஃபோல்டரில் இருக்கோம்னு கெட்சிடபிள்யூடி கிட்ட கேட்டா /பிரைவேட்/வார்/ஃபோல்டர்ஸ்னு வரும். ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு வழி கணக்கிடுற ரெல்பாத் டிஸ்க்கைப் பார்க்காது, எழுத்தை மட்டும் ஒப்பிடும். அதனால ".." (ஒரு படி மேலே) போட்டுப் போட்டு ரூட் வரைக்கும் ஏறி மறுபடி இறங்குது. எங்க பக்கம் பெரியவங்க தொடுவெட்டிம்பாங்க, பஸ் போர்டில் மார்த்தாண்டம்னு இருக்கும். ரெண்டும் ஒரே ஊர்னு தெரியாத ஆள் கிட்ட வழி கேட்டா சுத்தித்தான் விடுவார்.

நான் தக்கலைக்காரி, திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் டெஸ்டர். எங்க டூல் செட்டிங் ஃபைல்களைச் சரிபார்த்து, எந்த ஃபைலில் எந்த வரி தப்புன்னு சொல்லும். கோ மொழியில் எழுதினது. ஒரு கஸ்டமரோட புராஜெக்ட் ஃபோல்டர் வேற டிஸ்க்கில் இருந்தது, அவரோட ஹோம் ஃபோல்டரில் வெறும் சிம்லிங்க். கோ மொழியில் இப்போதைய ஃபோல்டரைச் சொல்றது கெட்டபிள்யூடி. ஷெல் (கமாண்ட் டைப் பண்ற இடம்) அந்த ஃபோல்டர் பாதையைக் குறிச்சு வைக்கிற பிடபிள்யூடி வேரியபிள் சரியா இருந்தா அதையே, அதாவது சிம்லிங்க் பாதையையே, திருப்பித் தரும். அதை வச்சு எங்க மெசேஜ் "../காமன்/டிபி.யாம்ல்"னு காட்டுச்சு. அவர் அதை அப்படியே காப்பி பண்ணி, ஃபைலைத் திறந்து காட்டுற கேட் கமாண்டைப் போட்டா, அப்படி ஒரு ஃபைலே இல்லைன்னு வருது. ஆனா ஃபோல்டர் மாறுற கமாண்டான சிடி ../காமன் போட்டா உள்ளே போகுது! ஷெல் தான் வந்த வழியை ஞாபகம் வச்சு ஒரு படி மேலே போகும். கேட் கமாண்ட் ஃபைலைக் கேட்கிறப்போ கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதி) நிஜ ஃபோல்டருக்கு மேலே தேடும். "யூஸர் செட்டப் தப்பு"ன்னு டெவலப்பர் டிக்கெட்டை மூடினார். நான் திரும்பத் திறந்தேன். கஸ்டமர் நம்ம கோடைப் படிக்கிறதில்லை, மெசேஜைத்தான் படிக்கிறார். அதில் இருக்கிற பாதை திறக்கலைன்னா டூல் பொய் சொல்லுதுன்னு அர்த்தம்.

  இப்படிச் சொன்னா, "டெஸ்டருக்கு இதெல்லாம் எதுக்கு"ன்னு ஒரு பேச்சு. இந்தப் பேச்சு எந்த ஊர் ஆபீஸிலும் மாறலை.

"சிம்லிங்க்கைத் தாண்டி நிஜப் பாதையைத் தர்ற ரியல்பாத்தை எல்லா இடத்திலும் போட்டா முடிஞ்சுதே"ன்னு கீழே யாராவது எழுதுவீங்க. டெஸ்டுக்குள்ள போடுங்க, தப்பில்லை: டெம்ப் ஃபோல்டரை உருவாக்கின உடனே ஒரு தடவை ரியல்பாத் எடுத்து, எதிர்பார்க்கிற மெசேஜையும் அதிலிருந்தே கட்டுங்க. புராடக்ட்டில் போட்டா, யூஸர் டைப் பண்ணாத, கேள்விப்படாத ஒரு பாதை அவருக்குப் போகும். அவர் கொடுத்த பாதையை அப்படியே காட்டுறதுதான் நல்லது. நாமளே கணக்கிட்ட பாதை ".." வச்சுத் தொடங்கினா முழுப் பாதையைக் காட்டிடுங்க. ரெண்டு பாதையும் ஒரே ஃபைலான்னு பார்க்க பைத்தானில் சேம்ஃபைல் இருக்கு. அது டிவைஸ் (டிஸ்க்) எண்ணையும் அதில் அந்த ஃபைலுக்கு இருக்கிற ஐநோடு எண்ணையும் ஒப்பிடும், எழுத்தை இல்லை.

முக்கியமா, இந்தத் தப்பைப் பிடிக்க மேக்கை நம்பிக்கிட்டு இருக்காதீங்க. டெஸ்டிலேயே ஒரு நிஜ ஃபோல்டர், அதுக்கு வேற இடத்தில் ஒரு சிம்லிங்க், ரெண்டையும் உருவாக்கி, சிம்லிங்க் வழியா டூலை ஓட்டுங்க. பிடபிள்யூடியையும் அந்தப் பாதைக்கே செட் பண்ணுங்க. மெசேஜில் வந்த பாதையை அதே இடத்திலிருந்து ஓப்பன் பண்ணிப் பாருங்க. லினக்ஸிலேயே பிடிபடும். விண்டோஸில் டெவலப்பர் மோடோ அட்மின் உரிமையோ இல்லாம சிம்லிங்க் உருவாக்க விடாது, அங்கே மட்டும் இந்த டெஸ்டை ஸ்கிப் பண்ணுங்க.