பம்ப், பெட்டி, மெழுகுவர்த்தி

அன்புள்ள ஐயா,

வணக்கம். கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் டிசைன் பிரிவில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். போன மாதம் எங்களுக்கு இரண்டு நாள் 'படைப்பூக்கச் சிந்தனை'ப் பயிற்சி நடந்தது. ஓட்டலில் ஹால் பிடித்திருந்தார்கள். ஆறு தொப்பி, மைண்ட் மேப், பிரெய்ன்ஸ்டார்மிங் என்று வரிசையாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, கம்பெனியின் நிஜமான சிக்கல் ஒன்றை எடுத்து யோசிக்கச் சொன்னார் பயிற்சியாளர்.

வெளிமாநிலத்துக்கு லாரியில் போகும் பம்புகளின் மரப்பெட்டி வழியிலேயே உடைகிறது. பலகையைத் தடிமனாக்கினால் எடை கூடுகிறது, வாடகை ஏறுகிறது, மரச் செலவும் ஏறுகிறது. இதுதான் சிக்கல். சிறந்த யோசனைக்கு 5,000 ரூபாய் பரிசு என்றார் மேலாளர். பத்துப் பேர் ஒன்றரை மணி நேரம் பேசினோம். சுவர் முழுக்க மஞ்சள் சீட்டு ஒட்டினோம். கடைசியில், பெட்டியைச் சுற்றி இன்னொரு இரும்புப் பட்டை போடலாம் என்று முதல் ஐந்து நிமிடத்தில் மேலாளர் சொன்னதையே எல்லோரும் ஒத்துக்கொண்டு கலைந்தோம். மதியச் சாப்பாடு மட்டும் பிரமாதம்.

இந்த உத்திகளில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா? இல்லை, யோசனை என்பது சிலருக்குப் பிறவியிலேயே வருவதா? எழுதும்போது யோசனை வராவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அடுத்த மாதம் இரண்டாம் கட்டப் பயிற்சி. போகலாமா?

எஸ்., கோவை

*

அன்புள்ள எஸ்.,

உத்திகளைப் பற்றி மட்டும் கேட்டிருந்தால் நானும் பொதுவாக நாலு வார்த்தை சொல்லித் தப்பித்திருப்பேன். நீங்கள் உடைந்த மரப்பெட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டீர்கள். சரி, அதை வைத்தே பேசுவோம்.

முதலில் அந்த ஒன்றரை மணி நேரம். பிரெய்ன்ஸ்டார்மிங்கை ஊரறியச் செய்தவர் அலெக்ஸ் ஆஸ்பார்ன். பிபிடிஓ என்ற அமெரிக்க விளம்பர நிறுவனத்தின் பங்குதாரர்; அந்தப் பெயரின் கடைசி எழுத்து அவருடையது. 1940களிலும் 50களிலும் எழுதிய புத்தகங்களில் அவர் வைத்த விதிகள் எளிமையானவை. யார் சொன்னதையும் அந்த இடத்திலேயே குறை சொல்லாதே, கிறுக்குத்தனமாகப் பட்டாலும் சொல், எண்ணிக்கை பெருகட்டும், அடுத்தவர் சொன்னதன்மேல் உன்னுடையதை ஏற்றிக் கட்டு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நான்கு பேர் கூடி உட்கார்ந்து யோசித்த குழுக்கள் ஒரு பக்கம். தனித்தனியாக யோசித்த நான்கு பேரின் பதில்களைச் சேர்த்து, திரும்ப வந்தவற்றைக் கழித்து எண்ணியது இன்னொரு பக்கம். தனியாக யோசித்தவர்களின் மொத்தம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வந்தது. ஏன் இப்படி என்று 1987இல் ஜெர்மனியில் டீல், ஸ்ட்ரோப என்ற இரண்டு உளவியலாளர்கள் தோண்டிப் பார்த்தார்கள். கூச்சம், அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்ற அலட்சியம் எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் மிகச் சாதாரணமானது: ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். தன் முறைக்குக் காத்திருப்பவர் புதிதாக எதையும் யோசிப்பதில்லை. யோசித்ததை மறந்துவிடாமல் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறார்.

உங்கள் ஹாலில் இது போதாதென்று மேலாளரும் இருந்தார். அவர் வாயைத் திறந்ததற்குப் பிறகு மற்ற ஒன்பது பேரும் யோசித்தது இரும்புப் பட்டையைப் பற்றி. பெட்டியை யாரும் யோசிக்கவில்லை.

ஆஸ்பார்ன்மேல் முழுப் பழியும் போட முடியாது. தனியாக யோசிப்பதற்குத் துணையாகத்தான் கூட்டத்தை அவர் சொன்னார். நம் கம்பெனிகள் கூட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டன. இதற்கு ஒரு நல்ல மாற்று உண்டு. 1960களின் கடைசியில் பெர்ன்ட் ரோர்பாக் என்ற ஜெர்மானியர் சொன்னது. ஆறு பேர், ஆளுக்கு ஒரு தாள். ஐந்து நிமிடத்தில் மூன்று யோசனை எழுத வேண்டும், பேசக்கூடாது. பிறகு தாள் பக்கத்தில் இருப்பவருக்குப் போகும். அவர் அதைப் படித்துவிட்டு அடியில் தன்னுடைய மூன்றை எழுதுவார். ஆறு சுற்று முடிந்தால் அரை மணி நேரத்தில் 108 யோசனை. அதில் நூறு குப்பையாக இருக்கும், அது வேறு விஷயம். ஆனால் நேற்றுச் சேர்ந்த டிரெய்னியின் குப்பையும் மேலாளரின் குப்பையும் ஒரே தாளில் இருக்கும்.

ஆறு தொப்பியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எட்வர்ட் டி போனோ 1985இல் எழுதியது. ஒவ்வொரு நிறத் தொப்பிக்கும் ஒரு விதமான யோசனை; எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே தொப்பியைப் போட்டுக்கொண்டதாக வைத்துப் பேச வேண்டும். அதை யோசனைக்கான உத்தி என்பதைவிட, கூட்டத்தில் சண்டை வராமல் பார்த்துக்கொள்ளும் ஒழுங்கு என்று சொல்வேன். குறை சொல்வதற்கென்று கறுப்புத் தொப்பிக்கு ஒரு நேரம் ஒதுக்கியிருப்பதால், மற்ற நேரத்தில் குறை சொல்கிறவர் வாய் கொஞ்சம் மூடியிருக்கும். அந்த அளவுக்குப் பயன் உண்டு.

இப்போது மெழுகுவர்த்தி. கார்ல் டங்கர் என்ற ஜெர்மன் உளவியலாளர் வைத்த புதிர் இது. அவர் இறந்தபின், 1945இல் ஆங்கிலத்தில் வந்த ஆய்வு வழியாக உலகமெங்கும் பரவியது. மேசையில் மெழுகுவர்த்தி, தீக்குச்சிகள், ஒரு சின்ன அட்டைப்பெட்டி நிறைய டிராயிங் பின். இவற்றை வைத்து மெழுகுவர்த்தியைச் சுவரில் நிறுத்த வேண்டும். பலர் பின்னை மெழுகுவர்த்தியிலேயே குத்திப் பார்ப்பார்கள், பக்கவாட்டில் உருக்கி ஒட்டிப் பார்ப்பார்கள். விடை என்னவென்றால், பின்களைக் கொட்டிவிட்டு வெறும் பெட்டியைச் சுவரில் பின் குத்திப் பொருத்தி, அதையே மாடமாக்கி மெழுகுவர்த்தியை ஏற்றுவது. இதில் எனக்குப் பிடித்த இடம் அடுத்து வருகிறது. பின்களை வெளியே போட்டு, பெட்டியைக் காலியாகப் பக்கத்தில் வைத்துக் கொடுத்தால் விடை மளமளவென்று வந்துவிடுகிறது. பெட்டிக்குள் பின் இருக்கும்போது அது 'பின் போட்டு வைத்திருக்கும் பெட்டி'. வேறு எதுவாகவும் கண்ணுக்குப் படுவதில்லை.

அந்த 5,000 ரூபாய் விஷயத்துக்கும் இங்கே பதில் இருக்கிறது. 1962இல் சாம் க்ளக்ஸ்பெர்க் என்ற உளவியலாளர் இதே புதிரைக் கொடுத்து, வேகமாகச் செய்பவருக்குப் பணம் என்று ஒரு பிரிவினரிடம் சொன்னார். பின் பெட்டிக்குள் இருந்தபோது, பணத்துக்காகச் செய்தவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்றரை நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டார்கள். பெட்டி காலியாக இருந்தபோதோ பணம் அவர்களை வேகப்படுத்தியது. வழி தெரிந்த வேலைக்குப் பரிசு நல்லது. வழியையே தேட வேண்டிய வேலையில், தெரிந்த வழியிலேயே இன்னும் வேகமாக ஓட வைக்கிறது. உங்கள் மேலாளரிடம் இதைச் சொல்லும்போது பார்த்துச் சொல்லுங்கள்.

பிறவியா என்று கேட்டீர்கள். இதே மாதிரிப் புதிரைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2000இல் வந்தது. ஐந்து வயதுக் குழந்தைகளுக்குப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது ஒரு பொருட்டாகவே இல்லை. ஆறு ஏழு வயதில் தடுமாற்றம் வந்துவிடுகிறது. ஆக, பிறக்கும்போது எல்லோரிடமும் இருந்த ஒன்றைப் பொருள்களின் பெயரும் பயனும் தெரியத் தெரிய இழந்துவிடுகிறோம். கைச்செலவுக்குத் தட்டுப்பாடான வீடுகளில் அவ்வளவாக இழப்பதில்லை என்பது என் சொந்த எண்ணம். எங்கள் வீட்டு ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஹார்லிக்ஸ் இருந்தது ஒரு மாதம், கடலைப்பருப்பு இருந்தது இருபது வருடம்.

தமிழில் இதற்கு அருமையான உதாரணம் காளமேகப் புலவர் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்றில் இருக்கிறது. செருப்பில் தொடங்கி விளக்குமாற்றில் முடிய வேண்டும், ஆனால் முருகன்மேல் பாட வேண்டும் என்று அவரை மடக்கப் பார்த்தார்களாம். அவர் 'செருப்புக்கு' என்றே தொடங்கினார். செரு என்றால் போர், புக்கு என்றால் புகுந்து. போரில் புகும் வீரர்களை உழக்குகிற வேலன் என்று போகிறது வெண்பா. முடிவில் ஒரு வண்டைப் பார்த்து, அவனைத் தழுவும் வழியை 'விளக்குமாறு' கேட்கிறாள் தலைவி. கேட்டவர்கள் காலில் கிடக்கும் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சொல்லை வேறு இடத்தில் வெட்டினார். டங்கரின் அட்டைப்பெட்டியிலிருந்து பின்னைக் கொட்டியதும் இதே காரியம்தான்.

வெட்டுவது எங்கே என்று கண்டுபிடிக்க வழி ஏதும் உண்டா? எனக்குத் தெரிந்து இதில் ஆழமாகப் போனவர் கென்ரிக் அல்ட்ஷுல்லர். 1926இல் பிறந்த சோவியத் பொறியாளர், பாகு நகரத்துக்காரர். கடற்படையில் கண்டுபிடிப்புகளைப் பரிசீலிக்கும் வேலையில் இருந்தபோது காப்புரிமைகளைப் படித்துப் படித்து அவருக்கு ஒன்று பிடிபட்டது. நல்ல கண்டுபிடிப்பு எதுவானாலும் அதன் அடியில் ஒரு முரண் இருக்கிறது. ஒன்றைச் சரிசெய்யப் போனால் இன்னொன்று கெடுகிறது. சாதாரண ஆள் இரண்டுக்கும் நடுவில் சமரசம் செய்துகொள்கிறான். கண்டுபிடிக்கிறவன் சமரசத்துக்கு ஒத்துக்கொள்வதில்லை. நாட்டில் கண்டுபிடிப்புகளின் நிலை சரியில்லை என்று 1948இல் நண்பருடன் சேர்ந்து ஸ்டாலினுக்குக் கடிதம் போட்டார். கடிதத்துக்குப் பலன் 1950இல் கைது, 25 வருடத் தண்டனை, வடதுருவத்தை ஒட்டிய வொர்குத்தாவில் கட்டாய உழைப்பு முகாம். ஸ்டாலின் இறந்தபின் 1954இல் வெளியே வந்து, 1956இல் தன் முறையைப் பற்றிய முதல் கட்டுரையை வெளியிட்டார். டிரிஸ் என்ற பெயரில் இன்றும் புழங்குகிறது அது.

சிறையில் அவர் செய்ததாகச் சொல்லப்படும் கதை ஒன்றுண்டு. இரவெல்லாம் விசாரணை, பகலில் தூங்கத் தடை. தூங்க வேண்டுமென்றால் கண் மூடியிருக்க வேண்டும். காவலாளி பார்க்கும்போது திறந்திருக்க வேண்டும். கொஞ்சம் மூடிக் கொஞ்சம் திறப்பது என்ற சமரசத்தால் பயனில்லை. சிகரெட் அட்டையைக் கிழித்து, கரிந்த தீக்குச்சியால் கண்மணி வரைந்து, மூடிய இமைமேல் எச்சிலால் ஒட்டிக்கொண்டாராம். உள்ளே மூடிய கண், வெளியே திறந்த கண்.

அவருடைய முறையில் 40 கோட்பாடுகள், பெரிய அட்டவணை எல்லாம் உண்டு. எனக்கு அவ்வளவும் தேவைப்பட்டதில்லை. மூன்று கேள்வி போதும். முரண்பட்ட இரண்டு தேவையும் ஒரே நேரத்தில் வேண்டுமா? விமானச் சக்கரம் தரையில் வேண்டும், வானத்தில் கூடாது. ஆகவே உள்ளே மடங்கிக்கொள்கிறது. ஒரே இடத்தில் வேண்டுமா? தோசைக்கரண்டி ஒரு முனையில் சூடாகலாம், மறுமுனையில் கூடாது; ஆகவே மரப்பிடி. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: அந்தப் பொருளே இல்லாமல் அதன் வேலை மட்டும் நடக்குமா?

இனி உங்கள் பெட்டி. இதெல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி. உடைந்த பெட்டியை யாராவது போய்ப் பார்த்தீர்களா? சுவரில் அத்தனை மஞ்சள் சீட்டு ஒட்டினீர்களே, அந்த ஹாலில் ஒரு உடைந்த பெட்டியாவது இருந்ததா? பலகை உள்ளிருந்து வெளியே பிளந்திருந்தால் பம்ப் உள்ளே ஆடி இடித்திருக்கிறது என்று அர்த்தம். மேலிருந்து கீழே நசுங்கியிருந்தால் அடுக்கின பாரம். அப்போது பக்கப் பலகையின் தடிமனைவிட மூலைக்கட்டைகளைத்தான் பார்க்க வேண்டும். ஒரு மூலை மட்டும் சிதறியிருந்தால் இறக்கும்போது கீழே போட்டிருக்கிறார்கள். பிடிப்பதற்குக் கயிறோ கைப்பிடியோ இல்லாததுதான் காரணமாக இருக்கும். மூன்றும் மூன்று வேறு சிக்கல்கள். 'பெட்டி உடைகிறது' என்ற ஒரே வாக்கியத்துக்குள் மூன்றையும் போட்டு மூடிவிட்டால் இரும்புப் பட்டையைத் தவிர வேறென்ன தோன்றும்?

முதலாவதுதான் காரணம் என்று வைத்துக்கொள்வோம். மோனோபிளாக் பம்பின் அடியில் கால்கள் இருக்கின்றன, அவற்றில் போல்ட் துளைகள் இருக்கின்றன. தோட்டத்து சிமெண்ட் மேடையில் இறுக்குவதற்கான துளைகள். அதே துளைகளில் அடிப்பலகையோடு பம்பை இறுக்கிவிட்டால் ஆடாது. ஆடாத பம்புக்குப் பக்கப் பலகை தடிமனாக எதற்கு? பாரத்தை அடிப்பலகை வாங்கிக்கொள்கிறது, மேலே மெல்லிய சட்டம் போதுமாக இருக்கலாம். வலுவும் வேண்டும், எடையும் கூடாது என்பதில் வலுவைப் பம்பே கொண்டுவந்துவிடுகிறது. வார்ப்பிரும்பைவிட மரம் வலுவானதா என்ன? இதை உங்கள் டெஸ்பாட்ச் ஆட்கள் ஏற்கெனவே செய்து பார்த்துக் கைவிட்டிருக்கலாம், அடிப்பலகைகூட இல்லாத மாடலாக இருக்கலாம். தொழில் தெரிந்தவர் நீங்கள், தப்பென்றால் எழுதுங்கள்.

என்னைப் பற்றிக் கேட்டதற்கு. யோசனை வராமல் நான் தவித்தது குறைவு. வந்த முதல் யோசனை போக மாட்டேன் என்று உட்கார்ந்துகொள்வதுதான் எனக்குத் தொல்லை. ஒரு கதைக்கு முடிவு தேடும்போது முதலில் தோன்றும் மூன்று முடிவுகளை எழுதி அடித்துவிடுவேன். எனக்கு அவ்வளவு சுலபமாகத் தோன்றுவது படிக்கிறவருக்கும் தோன்றியிருக்கும். நான்காவது வர இரண்டு நாளும் ஆகும், இரண்டு மாதமும் ஆகும். சில சமயம் அடித்ததில் இரண்டாவதே சரி என்று திரும்ப எடுத்ததும் உண்டு, அதில் வெட்கம் இல்லை. விட்டுவிட்டு நடக்கப் போனால் தானாக வரும் என்கிறார்களே, அது உண்மைதான், பாதி உண்மை. கணிதமேதை புவான்கரே பஸ் படியில் கால் வைத்த நொடியில் விடை தோன்றியதாக எழுதியிருக்கிறார். அதற்கு முன்னால் பதினைந்து நாள் தினமும் மேசையில் உட்கார்ந்து அதோடு மல்லுக்கட்டியதையும் அவரே எழுதியிருக்கிறார். நானும் எத்தனையோ டவுன் பஸ்ஸில் ஏறியிருக்கிறேன். சில்லறை இருக்கிறதா என்ற கவலைதான் வந்திருக்கிறது.

இரண்டாம் கட்டப் பயிற்சிக்குப் போய் வாருங்கள். முடிந்தால் உடைந்த பெட்டி ஒன்றை ஹாலுக்குத் தூக்கிவரச் சொல்லுங்கள். யாரும் பேசுவதற்கு முன்னால் பத்து நிமிடம் எல்லோரும் பெயர் போடாமல் எழுதிக் கொடுக்கலாம் என்று பயிற்சியாளரிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை, மதியச் சாப்பாடு இருக்கிறது.

அன்புடன்.