செட் உளியும் மாங்கட்டையும்: மரச் செதுக்கல் கேள்வி-பதில்

ஆன்லைனில் பன்னிரண்டு உளி உள்ள செட் வாங்கினேன். மரத்தை வெட்டாமல் பிய்த்துக்கொண்டு வருகிறது. எந்த கம்பெனி உளி நல்லது? (வாசகர், ஓசூர்)

உளியை மாற்ற வேண்டாம், தீட்டுங்கள். விலை குறைந்த செட்டில் வரும் உளிகளுக்கு வாய், அதாவது வெட்டும் விளிம்பு, சரியாகத் தீட்டியிருக்காது, புதிதாக வருபவர்கள் பாதிப்பேர் கைவிடுவது இந்த இடத்தில்தான் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஒரு கண்ணாடித் துண்டில் 400 நம்பர் வாட்டர் பேப்பரை ஒட்டி, தண்ணீர் தெளித்து, உளியின் சரிவு முழுவதும் படியும்படி வைத்துத் தேயுங்கள். மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டுப்படும். அது வாயின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வந்த பிறகுதான் 1000, அப்புறம் 2000 என்று போக வேண்டும், நடுவில் அவசரப்பட்டால் எல்லாம் வீண். கடைசியாக, பழைய தோல் பெல்ட்டைப் பலகையில் ஒட்டி, அதில் பச்சை பாலிஷ் கட்டியைத் தேய்த்து, உளியைப் பின்பக்கமாக மட்டும் இழுங்கள்.

தீட்டிய உளியால் மென்மையான கட்டையில் நாருக்குக் குறுக்கே சீவிப் பாருங்கள். வெட்டிய இடம் பளபளவென்று இருந்தால் சரி, வெளுத்துச் சொரசொரவென்று இருந்தால் இன்னும் தீட்ட வேண்டும். கிரைண்டர் சாணையில் மட்டும் கொடுக்காதீர்கள், சூட்டில் இரும்பு நீலம் பாய்ந்தால் பதம் போய்விடும். பன்னிரண்டும் இப்போது தேவையில்லை. தட்டை உளி ஒன்று, வளைந்த வாய் உள்ளது ஒன்று, வி வடிவ உளி ஒன்று போதும்.

தோப்பில் பழைய பெங்களூரா மாமரம் ஒன்றை வெட்டினோம். செதுக்க ஆகுமா, விறகுக்கே போடட்டுமா? (வாசகர், காவேரிப்பட்டணம்)

விறகுக்குப் போடாதீர்கள்! ஆரம்பக்காரருக்கு மாங்கட்டை அருமையானது, உளிக்கு அடங்கும், கிருஷ்ணகிரிப் பக்கம் அதற்குப் பஞ்சமும் இல்லை. ஆனால் மாமரம் சீக்கிரம் கெட்டுப்போகும் சாதி. வெட்டிப் போட்ட கட்டை ஒரு மழை நனைந்தாலே கருநீலமாகப் பூசணம் பிடிக்கும், பின்னாலேயே வண்டு துளைக்கும். அதனால் உடனே அறுவை மில்லில் கொடுத்து இரண்டு அங்குலப் பலகையாக அறுத்துவிடுங்கள். மரத்தின் நடுக்குருத்து வரும் துண்டைத் தள்ளிவிடுங்கள், வெடிப்பு கிளம்புவதே அங்கிருந்துதான். பலகையின் இரண்டு முனைகளிலும் பெயின்டோ மெழுகோ கெட்டியாகப் பூசினால் முனை மட்டும் வேகமாகக் காய்ந்து பிளப்பது குறையும். பலகைக்கும் பலகைக்கும் இடையில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து, வெயில் படாமல் காற்று மட்டும் போகும் இடத்தில் அடுக்குங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது பொதுக்கணக்கு, நம் ஊர் வெயிலுக்கு அதற்கு முன்பே காயலாம். அதுவரை கை சும்மா இருக்க வேண்டாம், சின்னத் துண்டுகளைப் பச்சையாகவே செதுக்கிப் பழகுங்கள். ஈரக்கட்டை இன்னும் சுலபமாக வெட்டும், காயும்போது கொஞ்சம் கோணும், பழகுவதற்கு அது பரவாயில்லை.

வீட்டுப் பின்னால் சந்தன மரம் பட்டுப்போய் நிற்கிறது. ஒரு கிளையை வெட்டிப் பிள்ளையார் செதுக்கலாமா? (வாசகர், அரூர்)

பட்டா நிலத்தில் நின்றாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் கை வைக்காதீர்கள், பட்ட மரத்துக்கும் அதேதான். முதலில் வனச்சரக அலுவலகத்தில் தகவல் கொடுங்கள்.

மகனுக்குப் பத்து வயது. செதுக்க ஆசைப்படுகிறான். கத்தி கொடுக்கப் பயமாக இருக்கிறது. (வாசகி, பாலக்கோடு)

சோப்புக் கட்டியில் ஆரம்பியுங்கள், ஐஸ் குச்சியின் முனையைச் சீவிக் கொடுத்தால் அதுவே உளி. மரத்துக்கு வரும்போது ஒரே விதி: வெட்டும் திசையில் அவனுடைய எந்தக் கையும் இருக்கக் கூடாது. கட்டையைக் கையில் பிடிக்காமல் கிளாம்ப் போட்டு மேசையோடு இறுக்கிவிட்டு, இரண்டு கையாலும் உளியைப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.

புளியங்கட்டை சும்மா கிடைக்கிறது. அதில் கரண்டி செய்யலாமா? என்ன எண்ணெய் பூசுவது? (வாசகர், தருமபுரி)

கறிக்கடையில் வெட்டுக்கட்டையாகப் போடுவது எதை என்று பாருங்கள், புளிதான். அதன் வைரத்தில் (நடுவில் இருக்கும் கெட்டிப் பகுதியில்) ஆரம்பக்காரர் உளி பாயாது. அதில் உளியைத் தட்டும் மரச்சுத்தியல், அதாவது ஒரு கொட்டாப்புளி, செய்துகொள்ளுங்கள், காலத்துக்கும் உழைக்கும். கரண்டிக்கு மாங்கட்டையே போதும். எட்டி, அரளி இரண்டையும் சாப்பாட்டுச் சாமானுக்குத் தொடாதீர்கள், விஷம். பூசுவதற்குத் தேங்காய் எண்ணெயில் கொஞ்சம் தேன்மெழுகை உருக்கிக் கலந்தால் நன்றாக இருக்கும், ஆனால் அது கழுவக் கழுவப் போகும், அவ்வப்போது திரும்பப் பூச வேண்டும். சுத்தமான ஆளிவிதை எண்ணெய் காய்ந்து இறுகி நிற்கும். பெயின்ட் கடையில் கிடைக்கும் ‘பாயில்டு’ ஆளிவிதை எண்ணெயில் காய்வதற்கு உலோக உப்பு சேர்த்திருப்பார்கள், கரண்டிக்கு வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டுவிட்டு அப்புறம் எறியுங்கள்.

எங்கே போய்க் கற்றுக்கொள்வது? கர்நாடகத்தில் மரப்பொம்மை செய்யும் சென்னபட்டணம் பக்கம்தானே, அங்கே போகலாமா? (வாசகி, ஊத்தங்கரை)

சென்னபட்டணத்தில் நடப்பது கடைசல் வேலை. வெட்பாலைக் கட்டையை மெஷினில் சுற்றவிட்டு, அரக்குச் சாயம் ஏற்றுவார்கள். பார்க்க அழகு, ஆனால் உளிச் செதுக்கல் வேறு. உங்களுக்குக் கள்ளக்குறிச்சிதான் சரி, அங்கத்து மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சின்னசேலம் பக்கம் பட்டறைகள் இருக்கின்றன. கேட்டுவிட்டு ஒரு பகல் உட்கார்ந்து பாருங்கள், சிற்பி உளியை எப்போது திருப்புகிறார், நார் எதிர்க்கும்போது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார் என்பதை மட்டும் கவனித்தால் போதும். உள்ளூரில் நிலைவாசல் செய்யும் ஆசாரி இருந்தால் அவரிடம் தீட்டக் கற்றுக்கொள்ளலாம். அப்புறம் உங்கள் பக்கத்து ஊரில் பழைய மரத்தேர் இருந்தால், திருவிழா இல்லாத நாளில் நிலையில் நிற்கும்போது போய்ப் பாருங்கள். இலுப்பைப் பலகையில் செதுக்கிய சின்னச் சின்ன உருவங்கள் கண்ணுக்கு நேராக இருக்கும். மூக்கு எவ்வளவு மேலே நிற்கிறது, பின்னணி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று நோட்டில் வரைந்துகொண்டு வந்து, அதே ஆழத்தில் ஒரு இலையைச் செதுக்க முயலுங்கள்.