இணையவழி ஒளிப்பட வகுப்புகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என்னிடம் கைப்பேசி மட்டுமே இருக்கிறது. வகுப்பில் சேரலாமா?

பதில்: தாராளமாகச் சேரலாம். ஒளி வரும் திசையைக் கவனிப்பதும், சட்டகத்துக்குள் எதை விடுவது, எதை நீக்குவது என்று முடிவு செய்வதும் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவானவை. ஆனால் பெரும்பாலான கைப்பேசிகளில் லென்ஸின் அபெர்ச்சர் (ஒளி நுழையும் துளையின் அளவு) மாறாதது என்பதால், அந்தப் பாடம் வரும்போது மட்டும் யாரிடமாவது ஒரு கேமராவை இரவல் வாங்கிப் பழகுங்கள்.

கேள்வி: காணொளிகள் அனைத்தையும் பார்த்து முடித்தும் கேமராவை ஆட்டோவிலேயே (அளவுகளைக் கேமராவே தேர்ந்தெடுக்கும் முறை) வைத்திருக்கிறேன். என்ன செய்வது?

பதில்: காணொளிகளை நிறுத்திவிட்டு, ஜன்னலோரம் ஒரு பொருளை வைத்துக் கேமராவை மேனுவலுக்கு (அளவுகளை நாமே அமைக்கும் முறை) மாற்றுங்கள். அபெர்ச்சர் எஃப்/4, ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் நேரம்) 1/125 நொடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 400 என்ற அளவில் வெளிச்சம் சரியாக அமைகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு படம் எடுங்கள். இப்போது அபெர்ச்சரை எஃப்/8 ஆக்கினால் படம் இருண்டுவிடும். ஏனெனில் எஃப் எண் இரட்டிக்கும்போது துளையின் விட்டம் பாதியாகி, அதன் பரப்பும் உள்ளே வரும் ஒளியும் கால் பங்காகக் குறைகின்றன. இதை ஈடுகட்ட முதலில் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/30 நொடிக்கு நீட்டி ஒரு படமும், பிறகு ஷட்டரைப் பழையபடி 1/125-இல் வைத்து ஐஎஸ்ஓவை 1600-க்கு உயர்த்தி இன்னொரு படமும் எடுங்கள். மூன்று படங்களிலும் வெளிச்சம் ஒன்றே. ஆனால் பின்னிரண்டில் பின்னணி கூடுதல் தெளிவு பெற்றிருக்கும். 1/30-இல் கை நடுக்கம் பதிந்திருக்கக்கூடும். 1600-இல் நிழற்பகுதிகளில் புள்ளிகள் தலைகாட்டும். எதை ஏற்பது, எதை விடுவது என்பதை ஆட்டோ உங்களைக் கேட்காமலே தீர்மானிக்கிறது. அந்தத் தீர்மானத்தை நீங்கள் எடுக்கத் தொடங்குவதே இந்தப் பயிற்சியின் நோக்கம்.

கேள்வி: இலவச வகுப்பு போதுமா, கட்டணம் செலுத்த வேண்டுமா?

பதில்: பாடங்களுக்காகப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. ஸ்டான்ஃபோர்டில் கற்பித்த மார்க் லெவாய், 2016-இல் கூகுளில் நடத்திய ஒளிப்பட விரிவுரைகள் இலவசமாகவே வெளியிடப்பட்டன. கணக்கும் இயற்பியலும் கலந்திருந்தாலும் பொறுமையாகப் பார்ப்பவருக்கு அவை பெரும் செல்வம். கட்டணத்துக்குத் தகுதியானது ஒன்றுதான்: நீங்கள் எடுத்த படத்தை ஒருவர் உட்கார்ந்து பார்த்துச் சொல்லும் விமர்சனம். “அருமை” என்பது விமர்சனமாகாது. “வலப்புற ஜன்னலின் வெளிச்சம் முகத்திலிருந்து கண்ணை இழுக்கிறது, இரண்டடி இடப்புறம் நகர்ந்திருந்தால் தூண் அதை மறைத்திருக்கும்” என்பதே விமர்சனம். பணம் கட்டுமுன், ஆசிரியர் மாணவர் படங்களுக்கு எழுதிய குறிப்புகளைக் கேட்டுப் பாருங்கள். காட்டத் தயங்கினால் அந்த வகுப்பு வேண்டாம்.

கேள்வி: சான்றிதழால் வேலை கிடைக்குமா?

பதில்: பணி தருபவர் பெரும்பாலும் கேட்பது உங்கள் படத்தொகுப்பைத்தான். இருபது நல்ல படங்களைத் தேர்ந்து வையுங்கள்.

கேள்வி: ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுத்தால் எல்லாவற்றையும் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்கிறார்களே?

பதில்: எல்லாவற்றையும் அல்ல. சென்சார் (கேமராவில் ஒளியைப் பதியும் சில்லு) பதிவுசெய்த தரவு ஏறக்குறைய முழுமையாக ராவில் இருப்பதால், வெள்ளைச் சமநிலையை (படத்தின் நிறச்சாயலை) பிறகு மாற்றலாம், நிழலில் புதைந்த விவரங்களை ஓரளவு மீட்கலாம். முற்றிலும் வெளுத்துப்போன வானத்தையும் குவியம் தவறிய கண்களையும் எந்த மென்பொருளாலும் உள்ளபடி மீட்க இயலாது. ஆகவே படத்தைத் திருத்தும் வகுப்பை, படம் எடுக்கும் வகுப்புக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.